மந்தையில் எந்தப் படத்தைப் போடுவது?

எங்கள் ஊர் வைகாசிப் பொங்கல் திருவிழாவுக்கு இரண்டு ராத்திரி. முதல் ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். அதில் யாரும் கை வைக்க முடியாது, வைத்தால் கிழவிகள் விளக்குமாற்றைத் தூக்கிவிடுவார்கள். இரண்டாம் ராத்திரி ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் திரை கட்டிப் படம். நான் டவுசர் போட்ட காலத்தில் உசிலம்பட்டியிலிருந்து வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம் ஓடும். மூன்றாவது படத்துக்கு முழித்திருப்பது டெக் கொண்டுவந்த ஆள் மட்டும்தான். இப்போது டிவி போய் புரொஜெக்டர் வந்துவிட்டது, மூன்று படம் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

போன வருஷம் புரொஜெக்டர்காரர் கொண்டுவந்த பிரதியில், படத்தின் ஓரத்தில் கடைசிவரை ரம்மி விளம்பரம் ஓடியது. படமும் வெட்டும் குத்தும். இடைவேளைக்கு முன்பே பெண்கள் பாயைச் சுருட்டிவிட்டார்கள். அந்த எரிச்சலில் இந்த வருஷம் சாவடிக் கூட்டத்தில் வாயை விட்டேன். "நம்ம மண்ணுல எடுத்து டெல்லியில விருது வாங்குன படம் எத்தனை கெடக்கு, அதுல ஒண்ணப் போடுங்களேன்." பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்ப நீயே ஒண்ணச் சொல்லு. பாதியில ஒருத்தன் எந்திரிச்சாலும் ஒன்னயத்தான் கேப்பேன்" என்றார். கூட்டம் அத்தோடு முடிந்தது. வேலை என் தலையில் விழுந்தது.

பதினைந்து நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு படமாக மறுபடி பார்த்தேன். எல்லாமே முன்பு பார்த்தவைதான். ஆனால் தனியாகப் பார்க்கிற கண் வேறு, மந்தைக்காகப் பார்க்கிற கண் வேறு. தேசிய விருது வாங்கிய மதுரை, தேனிப் பக்கத்துப் படங்களில் எது ஊர் நடுவில் நிற்கும், எது நிற்காது என்று எனக்குத் தோன்றியதை எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு வந்தால் உதவும்.

முதலில் மந்தையின் நிலவரம். வைகாசியில் ஏழு மணிக்கு முன்னால் இருட்டாது. இருட்டாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்ட விதி. திருவிழாவுக்குத் தளர்வு வாங்கலாம்தான், ஆனால் அந்தத் தளர்வை நாடகத்துக்கு வாங்கவே நாங்கள் படாத பாடு படுகிறோம். ஆக மொத்தம் மூன்று மணி நேரம். அதற்குள் தலைவர் பேச்சு, நன்கொடை கொடுத்தவர் பெயர் வாசிப்பது, நடுவில் ஒருமுறை கரண்ட் போவது எல்லாம் அடக்கம். படம் இரண்டரை மணி நேரத்தைத் தொட்டாலே நெருக்கடிதான்.

அடுத்து ஆட்கள். முன்னால் சாக்கையும் பாயையும் விரித்துக் கிழவிகளும் பிள்ளைகளும். வேப்பமரத்தடியில் பெரிய ஆட்கள். பின்னால் வண்டியை ஸ்டாண்டு போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் இளவட்டம். மாடியில் வயசுப் பிள்ளைகள். இந்த நாலு கூட்டத்தையும் சேர்த்து உட்கார வைக்கிற படம் வேண்டும். போதாக்குறைக்கு மந்தைக்கு நேர் எதிரே பஞ்சாயத்தில் போட்ட எல்.இ.டி. விளக்கு ஒன்று. அதற்குச் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. போன வருஷம் அதன் மேல் யூரியா சாக்கைக் கட்டினோம்.

சரி, விருது. "தேசிய விருது வாங்கிய படம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் படத்துக்கென்று வாங்கியது எது, நடித்தவர் வாங்கியது எது, வெட்டி ஒட்டியவர் வாங்கியது எது என்று தனித்தனியாக நிற்கிறது. எங்கள் பக்கத்துப் படங்களில் இதற்கு நல்ல உதாரணம் 2010-ஆம் ஆண்டுக்கான 58-ஆவது விருதுகள். 'ஆடுகளம்' ஆறு விருது வாங்கியது. ஆனால் அந்த வருஷத்தின் சிறந்த தமிழ்ப்படம் அது இல்லை. அந்த விருது சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்துக்குப் போனது. அதே வருஷம் 'மைனா' படத்துக்காகத் தம்பி ராமையா சிறந்த துணை நடிகர். ஒன்று திருப்பரங்குன்றம், ஒன்று தேனி, ஒன்று போடிக்கு மேலே குரங்கணி. டெல்லியில் அன்றைக்கு நம்ம பக்கத்துப் பேச்சுத்தான் ஓடியிருக்கும்.

வருஷக் கணக்கில் இன்னொரு குழப்பம் உண்டு. படம் எப்போது வெளியானது என்பதை விருதுக்குப் பார்ப்பதில்லை. தணிக்கைச் சான்றிதழ் எந்த வருஷம் வாங்கியது என்பதுதான் கணக்கு. 'ஆடுகளம்' 2011 பொங்கலுக்கு வந்தது, விருது 2010-க்கு. 'பருத்திவீரன்' 2007 பிப்ரவரியில் வந்தது, விருது 2006-க்கு. 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரியில் வந்தது, விருது 2021-க்கு. வெளியான வருஷத்தை வைத்துத் தேடினால் மூன்றும் கையில் சிக்காது. எங்கள் மாப்பிள்ளை ஒருத்தர் இப்படித் தேடிவிட்டு, "அப்படி ஒரு விருதே இல்லை மாமா" என்று என்னிடம் பந்தயம் கட்டி ஐம்பது ரூபாய் தோற்றார்.

இளவட்டத்தின் ஓட்டு 'ஆடுகளம்'. கேட்பானேன், தனுஷ். வெற்றிமாறனுக்கு இயக்கத்துக்கு ஒன்று, திரைக்கதைக்கு ஒன்று. தனுஷுக்குச் சிறந்த நடிகர், மலையாளத்து சலீம் குமாரோடு பகிர்ந்துகொண்டார். படத்தொகுப்புக்குக் கிஷோர், நடனத்துக்குத் தினேஷ்குமார், பேட்டைக்காரராக நடித்த ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்குச் சிறப்புக் குறிப்பு. அந்தப் பேட்டைக்காரருக்குக் குரல் ராதாரவியுடையது. இது தெரிந்த பிறகு பார்த்தாலும் அந்தக் குரலை அந்த முகத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.

சேவச்சண்டைக்காரர்களின் கதை. ஆனால் படத்தின் பலம் சேவல் இல்லை, பொறாமை. தான் வளர்த்த பையன் தன் பேச்சை மீறி ஜெயித்துவிட்டான் என்பதைத் தாங்க முடியாத ஒரு பெரிய மனுஷன். இந்த மாதிரி ஆள் ஊருக்கு ஒருத்தர் இருக்கிறார். எங்கள் ஊரிலும் இருக்கிறார், படம் போட்டால் வேப்பமரத்தடியில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். அதனாலேயே போடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ஆனால் மந்தைக்கு ஒத்துவராது. நேரம் இரண்டரை மணியைத் தாண்டிவிடும். ராத்திரிக் காட்சிகள் நிறைய. வெள்ளைத் துணியில், அந்த எல்.இ.டி. வெளிச்சத்தில், தனுஷ் ஓடுவது தெரியாது, ஓடுகிற சத்தம்தான் கேட்கும். சேவச்சண்டையில் கிராபிக்ஸ் கலந்திருக்கிறது. தியேட்டரில் அது உறுத்தவில்லை. எங்கள் ஊரிலோ காலில் கத்தி கட்டாமல் விடுகிற வெற்றுக்கால் சேவல் வளர்த்துக் கை தேர்ந்தவர்கள் எட்டுப் பேராவது இருக்கிறார்கள். அவர்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், சேவலைத்தான் பார்ப்பார்கள். "இது எறகு விரியிற தினுசே தப்பு" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், பேட்டைக்காரர் கதை அங்கேயே செத்தது. மறுநாள் காலையில் கண்மாய்க்கரையில் நிஜச் சண்டை கூடிவிடும், பின்னாலேயே போலீஸ் வரும். வீட்டில் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டிய படம். இந்தப் பட்டியலில் எடுப்பில் மிகத் தேர்ந்தது இதுதான் என்று இன்னும் சொல்லுவேன்.

'பருத்திவீரன்' பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமீர் மதுரைக்காரர். திருவிழாக் கூட்டத்தை அவர் எடுத்த மாதிரி எடுக்க இன்னொருவர் வரவில்லை. முத்தழகாக நடித்த பிரியாமணிக்குச் சிறந்த நடிகை விருது, ராஜா முகமதுவுக்குப் படத்தொகுப்பு விருது, இரண்டும் தகும். ஆனால் முத்தழகு சீரழிக்கப்படும் அந்தக் கடைசிப் பகுதியைப் பத்து வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யார் பார்ப்பது? முதல் பாதியோடு நிறுத்திவிடலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். முத்தழகுக்கு நடந்ததைக் காட்டாமல் நிறுத்தினால் அந்தப் படம் வெறும் சண்டியர் கூத்தாகிவிடும். அமீருக்கும் துரோகம், முத்தழகுக்கும் துரோகம். வேண்டாம்.

'ஜிகர்தண்டா' டவுனுக்குப் போன பையன்களின் ஆசை. கார்த்திக் சுப்புராஜ் மதுரைக்காரர். அசால்ட் சேதுவாக பாபி சிம்ஹா சிறந்த துணை நடிகர், விவேக் ஹர்ஷனுக்குப் படத்தொகுப்பு விருது. 2014-ஆம் ஆண்டுக்கானவை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும், எனவே பத்து மணிக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. அதோடு அது சினிமா எடுப்பதைப் பற்றிய சினிமா. ரவுடிக்கு நடிப்புச் சொல்லிக் கொடுக்கிற கட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அதுவரைக்கும் கிழவிகளுக்கு, "அந்தப் பையன் எதுக்குடா அவன் பின்னாடியே அலையிறான்?" என்று விளக்கம் சொல்ல ஆள் போட வேண்டும்.

'சுப்ரமணியபுரம்' கேட்டு மூன்று பேர் சண்டைக்கே வந்தார்கள். மதுரைப் படம் என்றால் எனக்கும் அதுதான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் தேசிய விருதுப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. "அப்ப அந்தப் பட்டியல்தாண்ணே தப்பு" என்றான் ஒருத்தன். நான் மறுக்கவில்லை. 'தேவர் மகன்' பெயரும் வந்தது, ஐந்து விருது வாங்கிய படம். அதன் ஒரு பாட்டைச் சாதிப் பெருமைக்காக ஒவ்வொரு ஊரிலும் மைக்கில் போட்டு என்னென்ன ஆனது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவே, "அது வேணாம்ப்பா, சாமி கும்பிடணும்" என்று தள்ளிவிட்டார்.

'தென்மேற்குப் பருவக்காற்று' என் சின்னப் பட்டியலில் கடைசிவரை இருந்தது. விஜய் சேதுபதி கதாநாயகனாக வந்த முதல் படம், 2010 டிசம்பர். வீராயியாக வந்த சரண்யா பொன்வண்ணனுக்குச் சிறந்த நடிகை விருது, மராத்தி நடிகை மிதாலி ஜக்தாப்போடு பகிர்ந்தது. 'கள்ளிக்காட்டில் பிறந்த தாயே' பாட்டுக்கு வைரமுத்துவுக்குப் பாடலாசிரியர் விருது. ஆட்டுக்கிடை, கிடைத் திருட்டு, காட்டை உழுது மகனை ஆளாக்கிய விதவைத் தாய். இதில் எங்கள் ஊருக்குப் புரியாத வரி ஒன்றுகூட இல்லை. வீராயி பேசுகிற மாதிரியே என் பெரியம்மா பேசும், மண்வெட்டியைத் தோளில் போடுகிற விதம்கூட அதேதான்.

அதில்தான் சிக்கலும். அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அம்மா செத்த வீட்டிலெல்லாம் குழாய் ஸ்பீக்கரில் அதைத்தான் போடுகிறார்கள். மந்தையில் அது ஒலித்த மறு நிமிஷம், அந்த வருஷம் தாயைப் பறிகொடுத்த வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துவிடுவார்கள். குத்துப்பட்ட வீராயியின் கடைசி நேரம் வரும்போது மந்தையே எழவு வீடாகிவிடும். மார்ச் மாதத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு சாவு. படம் நல்ல படம், நாள்தான் தப்பு. இன்னொரு நெருடலும் எனக்கு உண்டு. ஒரு குடும்பம் முழுக்கத் திருட்டுக்கே பிறந்தது போல அந்தப் படம் காட்டுகிறது. எங்கள் பக்கத்து ஊர்களையே குற்றப்பரம்பரை என்று எழுதி வைத்து ராத்திரியில் கைரேகை வைக்கச் சொன்ன காலத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது சும்மா கடந்துபோகிற விஷயம் இல்லை.

அதே காரணத்தால்தான் 'கருத்தம்மா'வை நான் வாயே திறக்கவில்லை. திறந்தது லைப்ரரிக்கு வருகிற வெளியூர் வாத்தியார். பாரதிராஜா படம், 1994. குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்று விருது. 'போறாளே பொன்னுத்தாயி' பாடிய ஸ்வர்ணலதாவுக்கு ஒன்று, எழுதிய வைரமுத்துவுக்கு ஒன்று. பெண் சிசுக்கொலை பற்றிய படம். வாத்தியார் நல்ல மனசோடுதான் சொன்னார். முளைப்பாரிக்கு நவதானியம் புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் சார், அந்தக் கதைய எங்க ஊர்லயே போட்டு எங்களுக்கே காட்டணுமாக்கும்? நாங்க பெத்து வளத்த பொம்பளப் பிள்ளைகதான இன்னைக்கி ஒங்களுக்கு டீ குடுக்குது?" என்றது. வாத்தியார் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார், பாவம். உசிலம்பட்டிப் பக்கம் என்று சொன்னாலே வெளியூரில் அடுத்து என்ன கேட்பார்கள் என்று இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். காலேஜ் ஹாஸ்டலில் என்னிடமும் கேட்டார்கள். நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கல் ராத்திரியில் பாயை விரித்து உட்கார்ந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வேலை எனக்கு வேண்டாம்.

மிச்சம் இரண்டு.

மணிகண்டனின் 'கடைசி விவசாயி' எங்கள் ஊர்ப் படம் என்றே சொல்லலாம். அவரும் உசிலம்பட்டிக்காரர், படத்தில் வருவதும் இந்தச் சுற்றுவட்டாரம்தான். 69-ஆவது விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி ஐயாவுக்குச் சிறப்புக் குறிப்பு. அது அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை. படம் வெளிவருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு கிழவர் தன் முதல் படத்தில் தேசிய விருதுப் பட்டியலில் ஏறியதைத் தானே பார்க்காமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

விருது என்றதும் இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு கதை. 2024 பிப்ரவரியில் மணிகண்டனின் உசிலம்பட்டி வீட்டில் திருடு போனது. பணம், நகையோடு தேசிய விருதுப் பதக்கங்களும் போயின. சில நாளில் பதக்கங்களை மட்டும் ஒரு பையில் போட்டு வீட்டுக் கேட்டில் தொங்கவிட்டுப் போனார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு, உங்கள் உழைப்பு உங்களுக்கே என்று. பணம் வரவில்லை. டீக்கடையில் இதை ஒரு மாசம் பேசினோம். திருடனுக்கும் எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. "அப்ப நகைய மட்டும் ஏன் குடுக்கல?" என்றது அத்தை.

படம் இதுதான். ஊர் மரம் இடி விழுந்து கருகுகிறது. குலசாமிக்குப் படையல் போட வேண்டும் என்று ஊர் கூடுகிறது. படையலுக்குப் புதிதாய் விளைந்த நெல் ஒரு மரக்கால் வேண்டும். நெல் போட ஊரில் ஒரே ஒரு கிழவர்தான் மிச்சம். மற்றவர்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள். யோகி பாபு நிலத்தை விற்று யானை வாங்கியிருக்கிறார். மாயாண்டி தன் காட்டில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைக்க, மயிலைக் கொன்றதாக அவர் மேல் வழக்கு.

இந்த இடத்தை அப்பத்தாவுக்கு எங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். சோதனைக்குத்தான். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, படம் என்றால் எம்.ஜி.ஆரோடு முடிந்தது. போலீஸ் மாயாண்டியைக் கூட்டிப்போகிற கட்டத்தில் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. "செத்ததப் பொதைக்கக் கூடாதாடா? பின்ன நாறவா விடுவாக?" என்றது டிவியைப் பார்த்து. எங்கள் காட்டில் மயில் தொல்லை சொல்லி மாளாது. நிலக்கடலை போட்டால் முளைக்கும்போதே கொத்திவிடும், நெல் கதிர் பிடித்தால் வரப்பிலேயே குடியிருக்கும். விரட்டலாம், தொட முடியாது. 1963-லேயே தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. இதையெல்லாம் அப்பத்தா படித்ததில்லை, ஆனால் மாயாண்டி எப்படி மாட்டினார் என்று அதற்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. நீதிபதி, கிழவரின் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சப் போலீஸ்காரரையே அனுப்பும் இடத்தில் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் என் சட்டையில்.

அப்புறம் ஏன் தயக்கம் என்று கேட்பீர்கள். படம் மெதுவாகப் போகும். அது குறை இல்லை, கிழவர் நடக்கிற வேகத்தில்தான் படமும் நடக்க வேண்டும். வீட்டில் அது அழகு. மந்தையிலோ சுண்டல்காரன் மணி, கைக்குழந்தை அழுகை, பின்னால் வண்டி உறுமல். மாயாண்டி பேசாமல் நாற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடங்களில்தான் அந்தப் படத்தின் உயிரே இருக்கிறது. அந்த இடங்களில் மந்தை பேச ஆரம்பித்துவிடும். நேரமும் இரண்டே கால் மணியைத் தாண்டுகிறது. பிள்ளைகள் அரைமணியில் தூங்கிவிடுவார்கள். இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்த படம் இதுதான். பிடித்த படத்தைச் சத்தத்தில் கொண்டுபோய்க் கொல்ல மனசு வரவில்லை.

சுசீந்திரனின் 'அழகர்சாமியின் குதிரை'க்கு 59-ஆவது விருதுகளில் கிடைத்தது, நல்ல பொழுதுபோக்கைத் தருகிற சிறந்த ஜனரஞ்சகப் படம் என்ற விருது. இதற்குக் கொடுப்பது தங்கத் தாமரைப் பதக்கம். அழகர்சாமியாக நடித்த அப்புக்குட்டிக்குச் சிறந்த துணை நடிகர். தலைப்பிலேயே அவர் பெயர்தான் இருக்கிறது, படத்தைத் தாங்குவதும் அவர்தான், ஆனால் விருது துணை நடிகருக்கு. குதிரைதான் கதாநாயகன் என்று நடுவர்கள் நினைத்தார்களோ என்னவோ. பாஸ்கர் சக்தியின் சிறுகதை, அவரே வசனம், இளையராஜா இசை. தேனிப் பக்கத்துக் கிராமம், 1982-இல் நடப்பதாகக் கதை.

மழை இல்லை, பல வருஷமாகத் திருவிழா இல்லை. இந்த வருஷமாவது நடத்தலாம் என்று ஊர் கூடினால், கோயில் சாமியான அழகர்சாமியின் மர வாகனக் குதிரையைக் காணோம். எவன் தூக்கினான், மந்திரவாதியைக் கூப்பிடலாமா, போலீசுக்குப் போகலாமா என்று ஊர் அல்லாடுகிறது. அந்த நேரத்தில் நிஜக் குதிரை ஒன்று ஊருக்குள் வந்துவிடுகிறது. சாமியே அனுப்பிவிட்டது என்று பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். அதைத் தேடி அதன் சொந்தக்காரன், சாமி பேரே கொண்ட அப்புக்குட்டி, வருகிறான். குதிரை போனால் அவனுக்குப் பிழைப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. சித்திரையில் தங்கக் குதிரையில் அழகர் வைகையில் இறங்குவதைத் தல்லாகுளம், ஆழ்வார்புரம் என்று தோள் இடித்துப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஜனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

மந்தைக் கணக்கில் எல்லாமே இதற்குச் சாதகம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, ஒன்பதரைக்குள் பாயைச் சுருட்டலாம். பெரும்பாலும் பகல் வெளிச்சம், யூரியா சாக்கு கிழிந்தாலும் படம் தெரியும். பிள்ளைகளுக்குக் குதிரை. வரி பிரிக்கிற கட்டத்தில் வேப்பமரத்தடி தன்னையே பார்க்கும். இந்த வருஷம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிற தலைக்கட்டு வரி ஆயிரத்து ஐந்நூறா இரண்டாயிரமா என்று நாங்கள் மூன்று கூட்டம் போட்டவர்கள். பின்வரிசையில் பேசினாலும் முன்வரிசைக்குக் கதை விட்டுப்போகாது. பெரிய நடிகர் யாரும் இல்லை என்பதுதான் இளவட்டத்தின் ஒரே முணுமுணுப்பு. அவர்களுக்கு இளையராஜா பெயரைச் சொன்னேன். அது இன்னும் எங்கள் பக்கத்தில் செல்லுபடியாகிறது.

கலையாக எடை போட்டால் 'கடைசி விவசாயி'க்கும் 'ஆடுகள'த்துக்கும் கீழேதான் இதை வைப்பேன். நடுவில் கொஞ்சம் தொய்கிறது, சில கிண்டல் நாடக மேடைக் கிண்டல். ஆனால் முதல் நாள் ராத்திரி நாடகம் பார்த்த கூட்டத்துக்கு அந்தக் கிண்டல் பழகினதுதான்.

ஒரு முக்கிய விஷயம். வீட்டில் ஓடிடி சந்தா இருக்கிறது, அதையே புரொஜெக்டரில் மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். நாலு பேர் கூடுகிற இடத்தில் போட, படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் இல்லை, ஊர்த் திருவிழா, இத்தனை பேர் வருவார்கள் என்று தெளிவாக எழுதிக் கேட்பது நல்லது. எங்கள் கடிதம் போயிருக்கிறது. அனுமதி வராவிட்டால் இரண்டாம் ராத்திரியும் நாடகம்தான். கிழவிகளுக்குக் கொண்டாட்டம்.

'கடைசி விவசாயி'யை ஆவணி மழையில் லைப்ரரி ஹாலில் கதவைச் சாத்தி நாற்பது பேரோடு பார்ப்பதாகத் தனியாக ஒரு யோசனை இருக்கிறது. அதற்கும் கடிதம் எழுத வேண்டும். அப்பத்தாவை முதல் நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன், சட்டையை மட்டும் பழசாகப் போட்டுக்கொண்டு.

நேற்றுச் சாவடியில் முடிவைச் சொன்னேன். கதையைப் பாதிவரைக்கும் சொல்லிக் காட்டினேன். குதிரை காணாமல் போவது, நிஜக் குதிரை வருவது, அப்புக்குட்டி ஊரோடு மல்லுக்கட்டுவது. எல்லோருக்கும் திருப்தி. படத்தின் கடைசி ஐந்து நிமிஷம் வேறு மாதிரி. ஊர்ப் பெரியவரின் மகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். இனி இந்த ஊரில் மழையே பெய்யாது என்று பெரியவர் சொல்லி வாய் மூடவில்லை, கொட்டு கொட்டென்று கொட்டுகிறது மழை. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே மந்தையில் உட்கார்ந்து அந்த மழையைப் பார்க்க வேண்டும் என்பது, உண்மையைச் சொன்னால், என் பட்டியலில் நேரத்துக்கும் வெளிச்சத்துக்கும் முன்னாலேயே இருந்த காரணம்.

"அதெல்லாம் சரி, கடைசியில அந்தக் குதிரை கெடச்சிருமா?" என்று கேட்டார் பெரியப்பா.

"கெடச்சிரும் பெரியப்பா."

"அப்பப் போடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.